தெர்மலில் தெரியாத அப்பா

ஒற்றைக் கண்ணால் பார்க்கிற ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. கல்யாணப் புடவையை முக்கால் மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கியவள் நான். மாடி கட்டியபோது டைல்ஸ் பார்க்க ஒரு மதியம்தான் செலவானது. இந்தக் கருவிக்காக மட்டும் தம்பியோடும் கணவரோடும் கடைக்காரரோடும் மூன்று மாதம் மல்லுக்கு நின்றேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தெர்மல் மோனோகுலர் என்று அதற்குப் பெயர். டார்ச் லைட் அளவில் கைக்கு அடக்கமாக இருக்கும். கண்ணில் வைத்தால் வெளிச்சத்தைக் காட்டாது, சூட்டைக் காட்டும். மண்ணும் புதரும் கறுப்பாகவும், ஆடு மாடு மனிதர்கள் வெள்ளையாகவும் தெரிய வேண்டும். தோட்டம் வைத்திருப்பவர்கள் காட்டுப்பன்றியைப் பார்க்க வாங்குவார்களாம். நான் வாங்கியது என் அப்பாவைப் பார்க்க.

அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பகலெல்லாம் சமர்த்தாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு, "மனையைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவார். எந்த மனை என்றால், நாங்கள் குடியிருக்கும் இந்த வீடு எதன் மேல் நிற்கிறதோ அதே மனை.

அவர் அதை வாங்கியபோது நாங்கள் சைதாப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். அப்போது தாம்பரத்துக்கு மேற்கே, படப்பை ரோட்டை ஒட்டி மனை வாங்கிய சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் மனையைப் போய்ப் பார்ப்பார்கள். கோயிலுக்குக்கூட அவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை. நாலு மூலையிலும் எல்லைக்கல் அங்கேயே இருக்கிறதா, யாராவது ஓர் அடி நகர்த்தி நட்டுவிட்டார்களா என்பதுதான் கவலை. எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரம், அங்கிருந்து பஸ், அப்புறம் சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே நடை. அப்பா கையில் ஒரு கத்தி, ஒரு டப்பாவில் சுண்ணாம்பு. புதரை வெட்டி, கல்லுக்கு வெள்ளையடித்து, ஒவ்வொரு கல்லின் தலையிலும் உள்ளங்கையை வைத்து "இருக்கு" என்பார். நாலு கல்லுக்கு நாலு தடவை. நானும் தம்பியும் குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் தயிர்சாதம் சாப்பிடுவோம். எனக்கு அப்போதே எரிச்சல்தான்.

அப்புறம் வீடு எழும்பியது. முப்பது வருஷமாக அதே மனையில் சாப்பிட்டு, தூங்கி, அம்மாவையும் அங்கிருந்தே கடைசியாக வழியனுப்பி வைத்தவர், இப்போது வீட்டை விட்டு இறங்கிப்போய் மனையைத் தேடுகிறார். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஏரிக்கரை வரை காலி மனைகள். ஆள் உயரத்துக்கு முள் மண்டிக் கிடக்கும். அதற்குள் புகுந்துவிடுவார்.

"அப்பா, நீங்க நிக்கறதே அந்த மனைதான்."

"இது யாரோ கட்டின வீடும்மா. நம்ம மனையில ஏது வீடு?"

நானும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

முதல் தடவை காணாமல் போனபோது, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காதான் ஓடிவந்து சொன்னாள். "யம்மா, உங்கப்பா அந்தாண்ட ஏரிகிட்ட நின்னுகினு கீறாரு. கால்ல ரத்தம் வருது, இன்னான்னு பாரு." இரண்டாவது தடவை மூன்று மணி நேரம் தேடினோம். யாரோ அஸ்திவாரத்துக்குத் தோண்டி விட்டுப்போன பள்ளத்துக்குள், நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தார். மேடவாக்கத்திலிருந்து கிளம்பிய தம்பி தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, அப்பாவைக் குளிப்பாட்டி இட்லி கொடுத்த பிறகுதான் வந்து சேர்ந்தான். வந்ததும் தீர்ப்பு சொன்னான்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா முதியோர் ஹோம்தான்க்கா. காட்டாங்குளத்தூர் தாண்டி ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன். நல்லா பாத்துப்பாங்க."

அந்த இடத்தை நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர், "பஸ் வந்துடுச்சாம்மா?" என்று என்னைக் கேட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவை அங்கே விடக்கூடாது, அதற்கு அவர் இனி ஒரு தடவைகூடக் காணாமல் போகக்கூடாது. என் முன்னால் இருந்த கணக்கு அவ்வளவுதான்.

கேட்டைப் பூட்டவில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே ஒரு நாள் பூட்டினோம். "என் மனையை வளைச்சுப் போட்டுட்டாங்க, கேக்க நாதியில்லையா" என்று கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டு அழுதார். தெருவே வேடிக்கை பார்த்தது. அன்று மாலையே பூட்டைக் கழற்றிவிட்டேன். இருக்கும் இடத்தைப் போனில் காட்டுகிற வாட்ச் ஒன்றைத் தம்பி வாங்கிக் கட்டிவிட்டான். அது இரண்டு நாள் கழித்துத் தரைக்கடித் தண்ணீர்ச் சம்ப்புக்குள்ளிருந்து தான் இருக்கும் இடத்தைக் காட்டியது.

அப்புறம்தான் என் கணவர் எதிலோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு இந்தத் தெர்மலைப் பற்றிச் சொன்னார். ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் பார்க்காத வீடியோ இல்லை. காட்டில் தொலைந்தவர்களை அதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்களாம். அவர் சொன்னதில் உருப்படியான யோசனை என்று நான் ஒப்புக்கொண்ட இரண்டு மூன்றில் இதுவும் ஒன்று. தம்பியிடம் சொன்னதுதான் தப்பு. மறுநாள் காலையில் பதினான்கு மாடல்கள் அடங்கிய எக்ஸெல் ஷீட் ஒன்று வாட்ஸப்பில் வந்து விழுந்தது.

"ரேஞ்ச்தான் முக்கியம்க்கா. இதுல ஒன்றரை கிலோமீட்டர் தெரியும்."

"அப்பா ஒரு கிலோமீட்டர் நடந்தா உக்காந்துடுவார்டா."

"இருக்கட்டுமே, எக்ஸ்ட்ராவா இருந்தா நல்லதுதானே."

அந்த ஒன்றரை கிலோமீட்டர் என்ன என்று நானே கையேட்டை இறக்கிப் படித்தேன். அதில் மூன்று தூரம் போட்டிருந்தது. முதல் தூரத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரியும். அதைவிட ரொம்பக் கிட்டே வந்தால் அது மனிதன் என்று தெரியும். இன்னும் கிட்டே வந்தால்தான் ஆள் யார் என்று ஓரளவு அடையாளம் தெரியும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது முதல் தூரம். ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்து, அது அப்பாவா எருமையா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அடுத்தது லென்ஸ் சண்டை. பெரிய லென்ஸ் போட்டால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், ஆனால் பார்க்கிற இடம் சுருங்கிவிடும். தம்பிக்குப் பெரியதுதான் வேண்டும். நான் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கொல்லைப்புறத்தில் கணவரைத் தேடிப் பார்த்தேன். குழாய் குறுகலாக இருந்தபோது அவருடைய காதைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. அகலமாகச் சுருட்டியபோது ஆள் உடனே தெரிந்தார். புதருக்குள் ஆளைத் தேடுகிறவளுக்குச் சின்ன லென்ஸ்தான் சரி என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஐ.டி.யில் இருபது வருஷம் இருக்கிற தம்பிக்கு இதைப் புரியவைக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் கணவர், சிவப்பு மஞ்சள் நீலம் என்று கலரிலும் தெரியும் மாடல்தான் வேண்டும் என்று ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டால், "பாக்க நல்லா இருக்கும்" என்றார்.

கடைசியில் படப்பையில் ஒரு மாடிக் கடைக்குப் போனோம். ஒரகடம் ஃபேக்டரிகளுக்கு மீட்டரும் கேமராவும் விற்கிறவர்கள். கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் வாயை மூடமாட்டார்.

"பன்னிக்கா மேடம், செக்யூரிட்டிக்கா?"

"அப்பாவுக்கு."

"ஓ. அப்பா ஃபார்ம்ஹவுஸ் வச்சிருக்காரா?"

பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு, எங்களை உட்காரவைத்து, நாலு கருவிகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் பார்த்தேன். ஜில்லென்றிருந்த அந்த அறையில் எல்லோரும் ட்யூப்லைட் மாதிரி பளபளவென்று தெரிந்தார்கள். கடைப்பையன் கொண்டுவந்த டீயின் ஆவிகூடத் தெரிந்தது. கணவர் சுவரில் கையை வைத்து எடுத்தார். கை போன பிறகும் கையின் அச்சு சுவரில் வெள்ளையாக நின்றது. அவருக்கு ஒரே சந்தோஷம், நாலு தடவை வைத்து வைத்துப் பார்த்தார்.

"பகல்ல தெரியுமா?" என்று கேட்டேன்.

"ராத்திரி பகல் எல்லாம் ஒண்ணுதான் மேடம். வெளிச்சமே தேவையில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் சரியான கேள்வியைக் கேட்கவில்லை. வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டேன், வெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் வெந்துகொண்டிருக்கிற நான், சூட்டைப் பார்க்கிற கருவியை ஏசி ரூமில் உட்கார்ந்து சோதித்து வாங்கிக்கொண்டு வந்தேன். அதுவும் சித்திரை மாதத்தில். விலையைச் சொன்னால் நீங்களும் திட்டுவீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். குண்டாக ஒரு பெண்மணி கண்ணில் எதையோ வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நான் என்று புரிந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இது பார்க்காதாம், பார்ப்பவரைத்தான் திருப்பிக் காட்டுமாம். தம்பிக்குப் போன் செய்தால், "மேனுவல்லயே போட்டிருக்கேக்கா" என்றான்.

சரி என்று வெளியே போனோம். மாலை ஐந்தரை மணி. அப்பாவுக்குப் பதிலாகக் கணவரை ஒரு காம்பவுண்டு ஓரமாக, நாற்பது அடி தள்ளி நிறுத்தினேன். நாளெல்லாம் வெயிலைக் குடித்த சுவர் வெள்ளை. ரோடு வெள்ளை. ஏரிக்கரை, செங்கல் குவியல், கேட்பாரற்றுக் கிடந்த ஜல்லி எல்லாம் ஒரே வெள்ளை. இத்தனைக்கும் நடுவில் மனிதன்தான் குளிர்ந்து போயிருந்தான். என் கணவர் சுவரில் ஒரு அழுக்கு மாதிரி தெரிந்தார்.

"தெரியறேனா?"

"இல்ல."

"கைய ஆட்டறேன், இப்ப?"

"ஆட்டிக்கிட்டே இருங்க."

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஒரு மழை பெய்யட்டும் மேடம், அப்புறம் பாருங்க, சூப்பரா இருக்கும்" என்றார். மழை வரும் வரைக்கும் காணாமல் போகாதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லவா என்று கேட்டேன். திருப்பி எடுத்துக்கொள்வதில்லை என்று மட்டும் மென்மையாகச் சொன்னார். இஸ்திரி அக்கா கருவியை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு? இத்த வச்சிகினு தேடறதுக்கு, அவரு பின்னாடியே போய்ட்டு வந்துடு" என்றாள்.

அதைத்தான் செய்தேன். கோடை முழுக்கத் தினமும் ஐந்து மணிக்கு அப்பா முன்னால் போவார், பத்தடி பின்னால் நான் போவேன். கழுத்தில் அந்தக் கருவி தொங்கும், ஒன்றுக்கும் உதவாமல். ஒவ்வொரு காலி மனையிலும் குனிந்து கல்லைத் தேடுவார். இது இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த மனைக்குப் போவார். எனக்குக் கோபம் வரும். சத்தம் போட்டிருக்கிறேன். ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்ததில் அவர் மணிக்கட்டு சிவந்துவிட்டது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அன்றைக்கு நான் இழுத்தது உண்மை.

ஐப்பசி வந்தது. மழைக்கு முன்னால் தண்ணீர் போக வழி செய்ய வேண்டும் என்று, வீட்டுக்குப் பின்னால் மோட்டார் ரூம் சந்தில் வருஷக்கணக்காகக் குவிந்து கிடந்த உடைந்த நாற்காலிகள், பெயிண்ட் டப்பாக்கள், பழைய கதவு எல்லாவற்றையும் கணவர் எடுத்துப் போட்டுச் சுத்தம் செய்தார். இரண்டு நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. மதியம் முழுக்கப் பெய்துவிட்டு ஐந்து மணிக்கு விட்டது. அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்தான், கையில் ஹோமின் ஃபாரம்.

"சும்மா ரெஜிஸ்டர் பண்ணி வைப்போம்க்கா. இப்பவேன்னு சொல்லல."

"என் கையெழுத்து விழாது."

"ஆறு மாசமா நீ எங்கயாவது போயிருக்கியா? கண்ணாடில உன் மூஞ்சியப் பாத்தியா?"

அவன் சொன்னது நியாயம்தான், அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. கணவர் மின்கம்பி அறுந்ததைப் பார்க்கத் தெருக்கோடிக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் நின்று கால் மணி நேரம் கத்தினோம். ஹாலுக்கு வந்தால் நாற்காலி காலி. வெளியே கேட் அகலத் திறந்து கிடந்தது.

தம்பி ஃபாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னோடு ஓடிவந்தான். அவன் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும், இது அந்த இன்னொரு தடவை.

கடைக்காரர் சொன்னது சரி. மழையில் நனைந்த பூமி தெர்மலில் கன்னங்கரேல் என்று இருந்தது. ஆறு மாதமாகச் சும்மா கிடந்த சனியன் அன்றைக்குத்தான் வேலை செய்தது. மூன்று நாய்கள் தெரிந்தன, அசைபோடும் ஒரு பசு தெரிந்தது. புதருக்குப் பின்னால் குந்தியிருந்த ஒரு மனிதரும் வெள்ளையாகத் தெரிந்தார். "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். "யாருங்க அது, கொஞ்சம் அப்டியே நில்லுங்க" என்று லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு வாட்ச்மேன் எழுந்தார். தம்பி போய் மன்னிப்புக் கேட்டான். ஏரிக்கரை வரை ஒவ்வொரு மனையாகத் துழாவினோம். அப்பா இல்லை. ஏரியில் தண்ணீர் ஏறியிருந்தது. அந்தப் பக்கம் கருவியைத் திருப்ப எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் திருப்பினேன். தண்ணீரும் கறுப்பாகத்தான் இருந்தது.

"போலீஸுக்குச் சொல்லிடலாம்க்கா" என்று தம்பி போனை எடுத்தபோது நாங்கள் தெருமுனைக்குத் திரும்பியிருந்தோம். தார்ப்பாய்க்குக் கீழே இஸ்திரி அக்கா கரியை விசிறிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவா? இந்தாண்ட வரவே இல்லியே. மழ வுட்டதுலேந்து நான் இங்கதான் கீறேன்."

"கேட் திறந்து கிடந்துதேக்கா" என்றேன்.

"அது உன் தம்பி காரை நிறுத்திட்டு உள்ள போசொல்லோ அப்டியே தொறந்து போட்டுட்டுப் போனது. நான் பாத்தேனே."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்த்தான். திட்டுவதற்குக்கூட நேரமில்லை, வீட்டுக்கு ஓடினோம். ரூம், பாத்ரூம், மாடி எங்கும் இல்லை. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். வெளிச்சம் குறைந்திருந்தது. பழக்கதோஷத்தில் கருவியைக் கண்ணில் வைத்தேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஏதோ வெள்ளையாக இருந்தது. இரண்டடி போனேன், மனிதன். இன்னும் இரண்டடி போனேன், அப்பா.

ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். ஒரு காலத்தில் நான் மாப் துணியைக் காயப்போட்ட கல் அது. சாமான்கள் குவியக் குவிய அங்கே போவதையே விட்டிருந்தேன், அது என்ன கல் என்பதும் மறந்துபோயிருந்தது. காம்பவுண்டு கட்டும்போது மற்ற மூன்று எல்லைக்கற்களும் சுவருக்குள் போக, மேஸ்திரி உடைக்க வந்த இந்த ஒன்றை மட்டும் அப்பா சண்டை போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார். அதன் தலையில் உள்ளங்கையை வைத்திருந்தார். அவர் கையை எடுத்த பிறகும் அந்த உள்ளங்கை கல்லின் மேல் வெள்ளையாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது.

"இருக்கு" என்றார் அப்பா.

அத்தனை மாதக் கோபமும் அழுகையாக வந்தது. கருவியை இறக்கிவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு முழம்தான் இடைவெளி. அவர் என் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாதவர்களிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்.

"நீங்க பக்கத்து மனைங்களா?"

அப்பா, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைத்தான் இத்தனை மாதமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆமா சார்" என்றேன். "பக்கத்து மனைதான்."

"கல்லு நகரல. நல்லா பாத்துட்டேன். நான் வாரம் ஒரு நாள்தான் வர முடியும், ட்ரெயினப் பிடிச்சு வரணும். நடுவுல கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

"தினமும் பாத்துக்கறேன் சார்."

என் பின்னால் நின்ற தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "இவரு?"

தம்பியின் சட்டைப்பையில் அந்த ஃபாரம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"எதிர் மனை சார்" என்றான்.

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

"நல்ல மனுஷங்களாத் தெரியறீங்க. அப்ப தைரியமா இங்க வீடு கட்டிடலாம்."

"கட்டுங்க சார்" என்றான் தம்பி. "நாங்க இங்கதான் இருப்போம்." அந்த ஃபாரத்தை அவன் திரும்ப வெளியே எடுக்கவே இல்லை.